அப்பா கேட்ட கேள்வி

கோதண்டராமன் ஓட்டும் கம்பெனி பஸ்ஸில் பாட்டுப் பெட்டி கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து ஏறும் பெண்களுக்குப் பேசவே நேரம் போதாது. மாதனூர் வருவதற்குள் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்து, ஒரு மாமியாரை வறுத்தெடுத்து, சூப்பர்வைசருக்குப் புதுப் பட்டப்பெயர் வைத்து, பள்ளிகொண்டா நெருங்கும்போது மறுநாள் குழம்புக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு ஓட்டினால்தான் அவருக்கு வண்டி ஓடுகிற மாதிரியே இருக்கும்.

அந்தப் புதன்கிழமை பஸ் பேசவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களெல்லாம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பின. யாரோ இறந்துபோயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?"

முன்சீட்டில் மனோரமா உட்கார்ந்திருந்தாள். தினமும் ஏறியதும் "கவி எப்படிண்ணா படிக்குது?" என்று கேட்கிறவள். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

பள்ளிகொண்டாவில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். சைரா மட்டும் படியருகே நின்றாள். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற பகுதியில் வேலை பார்ப்பவள். அவருடைய தெருவுக்கு அடுத்த தெரு.

"அண்ணா, நீங்க பதறக் கூடாது. நம்ம கவி போட்டோ ஒண்ணு போன்ல சுத்திக்கினு இருக்குது."

"இன்னா போட்டோ?"

"அது கவி இல்லண்ணா. மூஞ்சி மட்டும்தான் அவளுது. மீதியெல்லாம் எவனோ ஆப் வெச்சிப் பண்ணது. இப்பல்லாம் உட்கார்ந்த எடத்துல பண்ணிடறானுங்களாம், என் பையன் சொன்னான். எனக்கு வந்தத நான் அழிச்சிட்டேன். நீங்க பாக்காதீங்க. நேரா வூட்டுக்குப் போய் பொண்ணுகிட்டப் பேசுங்க. பாவம், கொழந்த பயந்துபோய் இருக்கும்."

அவள் சொன்னதில் பாதிதான் கோதண்டராமன் காதில் ஏறியது. அவள் போன பிறகு வண்டிக்குள்ளேயே நின்று தன் போனை எடுத்தார். டிரைவர்கள் குரூப்பில் அது வந்திருந்தது. கூடவே சிரிக்கிற பொம்மைகள். தேடவே வேண்டியிருக்கவில்லை.

பார்க்காதே என்று சொல்லியும் பார்த்தார். பெற்றவன் பார்க்கக்கூடாத படம். மேலே அவர் மகளின் முகம், அவர் மகளின் சிரிப்பு, நெற்றியில் அவள் சின்ன வயதில் விழுந்த தழும்பு. அந்தத் தழும்புதான் அவரைக் கொன்றது. அது அவள்தான் என்று அந்தத் தழும்பு சொன்னது.

பஸ்ஸைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். நடக்க நடக்க இதுவரை கண்ணில் படாததெல்லாம் வந்து நின்றது. சாப்பிடும்போது போனைப் பார்த்துச் சிரித்தாளே, யாரோடு? போன வாரம் மாடியில் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தாளே, எதற்கு? பதினாறு வருஷம் அவள் எப்படிப்பட்ட பெண் என்று தெரிந்துவைத்திருந்தவர், ஒரு தெரு தாண்டுவதற்குள் அதைத் தொலைத்துவிட்டு நடந்தார்.

கவிப்ரியா பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். கோ-கோ ஆடுவாள். ஓடுகிறவளைப் பின்னாலிருந்து பிடிக்கக் கவி மாதிரி ஆளில்லை என்று பி.டி. டீச்சர் சொல்வார். அந்த வருஷம் மாவட்டப் போட்டியில் அவள் அணி கோப்பை வாங்கியது. ஒரே பிள்ளை. காலையில் அவர் ஷூ போட்டுக்கொள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, எனக்கு மட்டும் ஒரு ரவுண்டு பஸ்ல கூட்டினு போயேன்" என்று இப்போதும் கேட்பாள்.

படம் வந்தது அவளுக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. பள்ளியில் போனுக்கு அனுமதி இல்லை. ஆனால் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போய் வந்த பெண் ஒருத்தி சொல்ல, வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள். அம்மா ரங்கநாயகியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரங்கநாயகிக்குப் போனில் பேசத் தெரியும், அவ்வளவுதான். "இன்னாடி, இன்னாடி" என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

"போலீஸ்க்குப் போலாமாடி?"

"அப்பா வரட்டும்மா. அப்பா பாத்துக்குவாரு" என்றாள் கவி.

அதையே சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் கழுவிக்கொண்டாள். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். அப்பாவின் ஷூ சத்தம் கேட்டதும் ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"அப்பா..."

கோதண்டராமன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னா கவி இது? நீயா இது?"

கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கக்கூட இல்லை. ஆனால் பெண்ணின் முகத்தில் என்னவோ நின்றுபோனதை ரங்கநாயகி பார்த்தாள். அழுகை நின்றது. அப்பாவின் கையைப் பிடிக்க நீட்டிய கை பாதியிலேயே இறங்கியது. கவி போனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

"இன்னாங்க கேட்டுட்டீங்க?" ரங்கநாயகி அவர் சட்டையைப் பிடித்தாள். "மத்தியானத்துலேர்ந்து அப்பா வரட்டும், அப்பா வரட்டும்னு தண்ணிகூடக் குடிக்காம நிக்குதுங்க அது! அவகிட்டப் போயி நீயான்னு கேக்கறீங்களே!"

சைரா சொன்னது முழுவதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவைத் தட்டினார். "கவி. அப்பா தெரியாம கேட்டுட்டேன்டா. கதவத் தொறடா." உள்ளே விம்மல்கூட இல்லை. அழுதிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் வேலூருக்கு, சைபர் கிரைம் போலீஸுக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் எஸ்.ஐ. கவியைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா. தப்பு பண்ணவன் வேற. அத மொதல்ல மனசுல வெச்சிக்கோ. இனிமே சொல்லு."

கோதண்டராமன் தலையைக் குனிந்துகொண்டார். முன்பின் தெரியாத ஒரு பெண், பார்த்தவுடனே சொல்லிவிட்டாள்.

கவி தெளிவாகப் பேசினாள். யார் சொல்லித் தெரிந்தது, எந்த குரூப்பில் முதலில் வந்தது, யார் யாருக்குப் போயிருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னாள். பேசும்போது ஒருதரம்கூட அப்பா பக்கம் திரும்பவில்லை.

"படத்த யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க சார், ஞாயம் கேக்கறதுக்காகக்கூட" என்று எஸ்.ஐ. அவரிடம் சொன்னார். "எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சுன்றது மட்டும் எங்களுக்குப் போதும். படத்த நெட்லேர்ந்து எடுக்கச் சொல்லி நாங்க எழுதறோம். மூஞ்சிய எந்தப் போட்டோலேர்ந்து எடுத்திருக்கான்னு தெரிஞ்சா ஆளப் புடிக்கறது சுலுவு. உன் இன்ஸ்டாவுல இருந்து எடுத்திருப்பானாம்மா?"

"எனக்கு இன்ஸ்டா இல்ல மேடம். அப்பாவுக்குப் புடிக்காதுன்னு நான் வெச்சிக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "இது கோப்பை வாங்கின அன்னிக்கு எடுத்தது. அப்பாதான் அவரு ஃபேஸ்புக்ல போட்டாரு."

எஸ்.ஐ. கோதண்டராமனின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து பார்த்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து கிடந்தது. கோப்பையோடு கவி. கீழே அவர் எழுதியிருந்தார்: என் தங்கம் செல்வி கவிப்ரியா, பதினொன்றாம் வகுப்பு. பள்ளியின் பேரும் போட்டிருந்தார், ஊரும் போட்டிருந்தார். நெற்றித் தழும்பு தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் எடுத்த படம். பெருமை தாங்காமல் அன்றைக்கு அதைத் திரும்பத் திரும்பப் பத்துப் பேருக்குக் காட்டினவர் அவர்.

எஸ்.ஐ. எதுவும் திட்டவில்லை. "நெறைய அப்பா அம்மாங்க செய்யறதுதான் சார்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த அறையில் எதுவும் காதில் விழவில்லை.

கொஞ்ச நாளில் ஆள் அகப்பட்டான். பெரிய ரவுடி யாராவது இருப்பான் என்று கோதண்டராமன் நினைத்திருந்தார். கண்ணில் பட்டால் வெட்டிப்போடுவேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டும் இருந்தார். அகப்பட்டவன் பன்னிரண்டாவது படிக்கும் பையன். பேர் கௌதம். மனோரமாவின் ஒரே மகன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனோரமா அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்வதற்குள் படியில் சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான்தாண்ணா காரணம். நீங்க போட்ட போட்டோவ நான்தான் அவன்கிட்டக் காட்னேன். பாருடா, நம்ம டிரைவர் அண்ணன் பொண்ணு, எப்படி வருது பாரு, நீயும் இருக்கியே தெண்டம்னு திட்டினேன். நாலஞ்சு தடவ காட்டிக்காட்டித் திட்டினேன். அந்தக் கோவத்துல பண்ணியிருக்காண்ணா. கேட்டா, தோஸ்த்துங்க நாலு பேருகிட்ட சும்மா விளையாட்டுக்குக் காட்னேன், அவனுங்க இப்படி அனுப்புவானுங்கன்னு தெரியாதுன்றான். நான் பெத்தது இப்படிப் பண்ணும்னு எனக்குத் தெரியலையேண்ணா!"

பையனைச் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியிருந்தார்கள். கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள், படிப்பு போய்விடும், வழக்கை வாபஸ் வாங்கினால் காலுக்குச் செருப்பாக இருப்பேன் என்று அழுதாள்.

கோதண்டராமன் எழுந்தார். எதையாவது எடுத்து வீச வேண்டும்போல் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவள் தினமும் முன்சீட்டில் ஏறி அவர் மகளை விசாரித்தவள். கை எழவில்லை.

அறைக் கதவைத் திறந்துகொண்டு கவி வெளியே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"ஆன்ட்டி, எழுந்திரிங்க."

"உன் காலப் புடிக்கிறேன் கண்ணு. அவன் வந்து மன்னிப்பு கேக்கறேன்றான்..."

"கேட்டுட்டு?" என்றாள் கவி. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். "கேட்டுட்டு, எல்லார் போன்லயும் போய் அழிச்சிட்டு வருவானா ஆன்ட்டி? என் கிளாஸ்ல நான் உள்ள போனதும் பேச்ச நிறுத்தறாங்க. அவங்க மனசுலேர்ந்து அழிப்பானா? நான் கேஸ வாபஸ் வாங்க மாட்டேன். அவன் படிக்கட்டும், எங்க வெச்சாலும் அங்கயே படிக்கட்டும். வேற ஒரு பொண்ணுக்குப் பண்ணாம இருந்தா சரி."

மனோரமா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தெருமுனை வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"அந்த நாய ரெண்டு அறையாவது அறைஞ்சாதான் எனக்கு ஆறும்" என்றார் கோதண்டராமன். மகளோடு பேச ஏதாவது ஒரு பேச்சு வேண்டியிருந்தது அவருக்கு.

அந்தப் புதன்கிழமை மாலைக்குப் பிறகு கவி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. அவனுக்கும் என்னத் தெரியாது. தெரியாதவன் பண்ணான். உனக்கு என்னத் தெரியும் இல்ல?"

அவருக்கு ஒரு பதில் இருந்தது. ஒரு நிமிஷம்தான் தடுமாறினேன்டா, அந்த ஒரு நிமிஷத்தில்தான் கேட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அவள் மத்தியானத்திலிருந்து வாசலில் நின்றிருந்தாள் என்று தோன்றியதும் அதையும் விழுங்கிக்கொண்டார்.

படத்தை நெட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். அனுப்பினவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். டிரைவர்கள் குரூப்பில் போட்டவனும் ஸ்டேஷன் வாசலில் நின்றான். "தெரியாம ஃபார்வர்ட் பண்ணிட்டேன் கோதண்டம்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். சட்டப்படி நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. கவி மட்டும் பழையபடி ஆகவில்லை. மைதானத்துக்குப் போவதை நிறுத்தினாள். ஓடினால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாள். பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். வராந்தாவில் நின்று "வேணாம் மிஸ்" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் அப்பா கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாப்பாடு போட்டாள். ஆனால் அவர் காலையில் ஷூ போட உட்கார்ந்தால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

பரீட்சை முடிந்ததும் அவளே அம்மாவிடம் சொன்னாள்: "நான் சோளிங்கர்ல அமிர்தா அத்தை வூட்ல இருந்து பன்னெண்டாவது படிக்கிறேன்மா. அங்க யாருக்கும் என்னத் தெரியாது."

கோதண்டராமனின் தங்கை அமிர்தவல்லிக்குப் பிள்ளைகள் இல்லை. சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். அவர்தான் கொண்டுபோய் விட்டார். பஸ்ஸில் கவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவர் பக்கத்தில். அவர் வழியில் நுங்கு வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டாள். தூக்கத்தில் தலை அவர் தோளில் சாய்ந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விழித்ததும் "சாரிப்பா" என்று சொல்லி நிமிர்ந்துகொண்டாள். அப்பன் தோளில் சாய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

பள்ளிச் சேர்க்கைக்குப் போட்டோ வேண்டும் என்றார்கள். கடைத்தெருவில் இருந்த ஸ்டூடியோவில் கவி நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டதும் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். போட்டோக்காரர் "கைய எடும்மா" என்றார். எடுத்தாள். அவர் கேமராவைத் தூக்கியதும் மறுபடியும் மூடினாள். மூச்சு வாங்கியது.

கோதண்டராமன் போய் அவள் காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இது எங்கயும் போவாதுடா. ஸ்கூலுக்கு மட்டும்தான். அப்பா கூடவே இருக்கேன்."

"நீ வெளிய இருப்பா" என்றாள் மெதுவாக. "ப்ளீஸ்."

வெளியே போய் வெயிலில் நின்றார். எதிரே மலைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் மாலையும் தேங்காயுமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அமிர்தவல்லி வந்து, "எடுத்தாச்சுண்ணா" என்றாள். அவர் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பி மறுநாள் வண்டி எடுத்தார். மனோரமா வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள். மற்றவர்கள் பழையபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் சைராவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தன் மகள் எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிடுங்கி உடைத்துவிடப் போகிறேன் என்று சொன்னாள். கோதண்டராமன் வண்டியை ஓரங்கட்டினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஒடைக்காதம்மா" என்றார். "ஒடைச்சா நாளைக்கு எதுனா ஆச்சுன்னா உங்கிட்ட சொல்லாது. புள்ளைங்க போட்டோவ பப்ளிக்கா போடாத, அது ஒண்ணு. இன்னொண்ணு... எதுனா ஆயி, பொண்ணு உங்கிட்ட வந்து நின்னுச்சுன்னா, மொதல்ல..."

திரும்பி கியரைப் போட்டார். பஸ்ஸில் யாரும் அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

கவி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள், அம்மாவின் நம்பருக்கு. ரங்கநாயகி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். அவர் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அத்தை செய்கிற வத்தக்குழம்பு, புதிதாக நிஷா என்று ஒரு தோழி, கணக்கில் வாங்கிய மார்க். சில நாள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை வெளியூர் சவாரி எதற்கும் போவதில்லை அவர்.

"அப்பா இங்கதான் இருக்காரு. பேசறியா?" ரங்கநாயகி ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

அந்தப் பக்கம் தெருவில் யாரோ வண்டி ஸ்டார்ட் செய்வதுகூடக் கேட்கும்.

"நல்லா இருக்கியான்னு கேட்டேன்னு சொல்லும்மா" என்பாள் கவி.

"கேட்டுச்சுங்களா?" என்று ரங்கநாயகி திரும்பிப் பார்ப்பாள்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு" என்பார் கோதண்டராமன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.